தண்ணீருக்குச் சாப்பாடு போட்டவர்

இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே தண்ணீரில் குளோரின் கலந்து கொடுத்த மனுஷன், சொந்த வீட்டில் கிருமி வளர்க்க உட்கார்ந்த கதை இது. சிரிக்காமல் கேட்க வேண்டும். அவர் கடைசிவரை சிரிக்கவில்லை.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். வேலை ரொம்ப சுலபம். தண்ணீரில் ஓர் உயிர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இருந்தால் அதை அவர் தன் குடும்பத்துக்கே நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். தெருவில் அவருக்குப் பேரே குளோரின் சார்தான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குணம் செருப்போடு வாசலில் நிற்காது, கூடவே உள்ளே வந்துவிடும். டம்ளரை மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். கழுவி வைத்த தட்டை எடுத்து இன்னொரு தரம் கழுவுவார். மனைவி கழுவிய தட்டை மறுபடி கழுவினால் என்ன நடக்கும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும். அதெல்லாம் தவறாமல் நடந்தது.

மனைவி டெய்லர். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவள். கழுத்தில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் தொங்கும். மிஷின் கிடந்தது படுக்கையறையின் பின்சுவரோரம், ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் துணி எது, நூல் எது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்க ஒவ்வொரு தரமும் எழுந்து ஹாலுக்கு வருவாள். வீட்டில் வெயில் வருகிற ஜன்னல் ஹாலில்தான் இருந்தது. காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைகிற வெயில் பதினொரு மணிவரை அந்த மூலையை விட்டு நகராது.

அந்த மூலையில் வருஷக்கணக்காக ஒரு பழைய சாய்வு நாற்காலி கிடந்தது. ஒரு புதன்கிழமை அது காலை உடைத்துக்கொண்டது. அன்றைக்கே மனைவி சொன்னாள், "ஏங்க, மிஷினை அங்க போட்டுக்கறேனே."

"பாக்கலாம்" என்றார் அவர்.

அவருடைய அகராதியில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் இந்த வேலையைச் செய்வார் என்று அவள் நினைக்கவில்லை. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, மூலையில் இரும்பு ஸ்டாண்டு மேல் ஒரு கண்ணாடித் தொட்டி உட்கார்ந்திருந்தது. மாற்றலாகிப் போன ஆபீஸ் நண்பர் ஒருவர் விட்டுப்போனது. பக்கத்தில் இவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். இனிமேல் தன் வாழ்க்கையில் தினமும் ஒரு மணி நேரம் அமைதி உண்டு, மீன்களைப் பார்த்துக்கொண்டே ரத்த அழுத்தத்தை இறக்கப்போகிறோம் என்று அன்று காலைதான் முடிவெடுத்திருந்தார்.

"என்னங்க இது?"

"மீன் தொட்டி."

"அது தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"வேற எங்க வைக்கறது? மீனுக்கு வெளிச்சம் வேணாமா?"

"எனக்கு?"

"உனக்குத்தான் டியூப்லைட் இருக்கே."

அவள் கையிலிருந்த காலிப் பையை மடிக்க ஆரம்பித்தாள். இவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட ருசு வேண்டாம்.

"சரிங்க" என்றாள். "ஆனா நீங்க ஆரம்பிச்சது எது முழுசா முடிஞ்சிருக்கு? பரண்ல கிடார் கெடக்கு. நடக்கற மிஷின் வாங்கினீங்க, அதுமேல துணி காயுது."

"இது அப்படியில்ல. இது தண்ணி சம்பந்தப்பட்டது. தண்ணின்னா நான் யாரு?"

"அப்போ ஒரு பந்தயம். நாப்பது நாள் தர்றேன். நாப்பதாவது நாள் இதுல மீன் உயிரோட நீந்திட்டு இருந்தா மூலை உங்களுது. அப்புறம் நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இல்லேன்னா தொட்டி பரணுக்கு, மிஷின் ஜன்னலுக்கு."

அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "நாப்பது நாளா? நாலு நாள் போதும்."

"இருக்கட்டும், நாப்பதே வச்சுக்கோங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, கழுத்திலிருந்த டேப்பை உருவித் தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தாள்.

"எதுக்கும்மா?"

"ஒரு உறை தைக்கலாம்னு."

அவர் அப்படியே உருகிவிட்டார். போட்டிக்கு நிற்கிறவளே சட்டை தைத்துக் கொடுக்கிறாள் என்றால் நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் தடிமனான கண்ணாடி போட்ட ஒல்லி ஆசாமி. முழங்கைவரை எப்போதும் ஈரம்.

"ஆறு மீன் குடுங்க. சின்னதா, அழகா."

"தொட்டி என்னைக்கு வச்சீங்க?"

"நேத்து."

"அப்போ மீன் கிடையாது."

"மீன் கடைதானே இது?"

"கடைதான். கொலைக்களம் இல்ல." கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "சார், மீன் திங்கும், கழியும். அது தண்ணில அமோனியாவா மாறும். அமோனியா மீனுக்கு விஷம். அதத் தின்னு தீர்க்க ஒரு பாக்டீரியா வேணும். அது அமோனியாவத் தின்னுட்டு நைட்ரைட்னு வேறொரு விஷத்தக் குடுக்கும். அதத் திங்க இன்னொரு பாக்டீரியா வேணும். இந்த ரெண்டு கூட்டமும் உங்க தொட்டில வந்து குடியேறணும். அப்புறம்தான் மீனு."

அவருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்ததில்லை. "பாக்டீரியாவ... வளர்க்கணுமா?"

"ஆமா. தண்ணிய ஊத்தி ஃபில்டரை ஓட விடுங்க. தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்க. அது அழுகி அமோனியா உண்டாகும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, அப்புறம் ரெண்டும் சைபருக்கு வந்தா தண்ணி பக்குவமாயிடுச்சுன்னு அர்த்தம்."

"எத்தன நாள் ஆகும்?"

"ஆறு வாரம்."

ஆறேழு நாற்பத்திரண்டு. அவர் மனக்கணக்கில் கெட்டிக்காரர், பந்தயத்துக்கு இரண்டு நாள் இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. "நாப்பது நாள்ல முடியாதா?"

"பாக்டீரியாகிட்ட கேட்டுப் பாருங்க. அப்புறம், குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திடாதீங்க. இந்தச் சொட்டு மருந்தப் போட்டுட்டு ஊத்துங்க. எவனோ ஒருத்தன் அதுல குளோரினை அள்ளிக் கொட்டறான்."

"நான்தான்" என்றார் அவர்.

கடைக்காரர் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் நகர்ந்தும் நின்றுகொண்டார். பிறகு, "தொட்டிய எந்த எடத்துல வச்சி..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அருமையான எடம். அத விடுங்க" என்று வெட்டினார் இவர். ஃபில்டர், அதற்குள் போடும் வெள்ளைப் பஞ்சு, சொட்டு மருந்து, கலர் பார்த்து அமோனியாவை அளக்கும் குட்டிக் கண்ணாடிக் குழாய்கள், ஒரு டப்பா தீனி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. ஏழு மணிக்குக் குளித்துவிட்டு வருவார். தீனி டப்பாவைத் திறப்பார். காலித் தொட்டியில் ஒரு சிட்டிகை தூவுவார். குனிந்து பார்ப்பார். ஒரு நோட்டில் எழுதுவார்.

"யாருக்குங்க போடறீங்க?"

"இன்னும் வரல. வருவாங்க."

"வந்தப்புறம் போடக் கூடாதா?"

"அது உனக்குப் புரியாது."

"இல்ல, எனக்கு நேத்துலேர்ந்து சளி. ஒரு வாய் வெந்நீர் வச்சுக் குடுக்க ஆளில்ல. அங்க தண்ணிக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு போகுது. அதான் கேட்டேன்."

மாடி வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பேப்பர் இரவல் வாங்க வருகிறவர், தினமும் தொட்டி முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார். "என்ன சார், வண்டி ஓடுது, ஒரு டிக்கெட்டையும் காணோம்?"

"ஏறுவாங்க."

"காலி வண்டிய எத்தன ட்ரிப் அடிப்பீங்க?"

"கண்ணுக்குத் தெரியாத பயணிகள் இருக்காங்க" என்றார் இவர். கண்டக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பேப்பரை வாங்காமலே மாடிக்குப் போனார்.

இரண்டாவது வாரம் சோதனைக் குழாய் பச்சையாக மாறியது. பச்சை என்றால் அமோனியா. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார், "அமோனியா நாலு."

"நாத்தம் அஞ்சு" என்றாள் மனைவி, மூக்கைப் பொத்தியபடி.

இனி அது இறங்க வேண்டும். மூன்றாவது வாரம் பார்த்தார், நாலு. நாலாவது வாரம் பார்த்தார், நாலு. குழாயை வெயிலில் பிடித்துப் பார்த்தார், நிழலில் பிடித்துப் பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாலு நாலாகவே நின்றது. இவரும் தன்னால் ஆனதையெல்லாம் செய்யத்தான் செய்தார். ஞாயிறு தவறாமல் ஃபில்டரைக் கழற்றி, பஞ்சை எடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, பழுப்பு நிறம் துளிகூட இல்லாமல் பிழிந்து பிழிந்து அலசி, முகர்ந்து பார்த்து, பளீரென்று வெள்ளையாகத் திரும்பப் பொருத்தினார். படுக்கையறை வாசலில் நின்று மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இருபத்தெட்டாம் நாள், நாலாவது தடவையாகப் பஞ்சை அலசிப் போட்டுவிட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் நோட்டைப் புரட்டினார். "தீனி போட்டிருக்கீங்க. சொட்டு மருந்து போட்டிருக்கீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு. பஞ்சுல பழுப்பா, வழவழன்னு ஏதாவது பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்கும். பிடிக்க விடுவேனா? வாராவாரம் சுத்தமாக் கழுவிடறேன்."

"எந்தத் தண்ணில?"

"குழாய்த் தண்ணிலதான்."

கடைக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சார். அந்த வழவழப்புதான் பாக்டீரியா. பஞ்சுதான் அதுங்க வீடு. ஆறு நாள் கஷ்டப்பட்டுக் குடும்பம் குட்டியோட குடியேறுதுங்க. ஏழாம் நாள் நீங்க போய் குளோரின் தண்ணில மொத்தத்தையும் தீத்துக்கட்டறீங்க."

ஆபீஸில் கலந்ததும் அவர். வீட்டில் அலசியதும் அவர். தப்பிக்க வழியே இல்லாமல் இரண்டு பக்கமும் அவரே நின்றிருக்கிறார்.

"இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு" என்றார் பரிதாபமாக.

"ஒரே வழிதான். பல வருஷமா நல்லா ஓடற தொட்டிலேர்ந்து அழுக்குப் பஞ்சு கிடைச்சா, அத உங்க ஃபில்டர்ல வைங்க. பத்து நாள்ல ஆயிடும். எங்கிட்டக் கேக்காதீங்க. இங்க நோவு வந்த மீனுக்கெல்லாம் மருந்து ஊத்தறோம், இந்தப் பஞ்சு ஆகாது."

வருகிற வழியெல்லாம் யோசித்தார். பழைய தொட்டி என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பல் டாக்டர் கிளினிக்கில் இருப்பது. போய்க் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கிளினிக்குக்குத் திரைச்சீலையும் வெள்ளைக் கோட்டும் தைத்துக் கொடுப்பது அவருடைய மனைவி. கேட்ட அடுத்த நிமிஷம் அவளுக்குச் செய்தி போய்விடும். பந்தயத்தில் எதிராளியின் வாடிக்கைக்காரரிடம் போய் அழுக்குப் பஞ்சுக்குக் கையேந்துவதா? மாட்டார். பல்வலி என்று போவது, வரவேற்பு மேஜைப் பெண் அந்தப் பக்கம் திரும்பும்போது தொட்டியில் கைவிடுவது, பஞ்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வலி சரியாகிவிட்டது என்று நடையைக் கட்டுவது. இதுதான் திட்டம். வெள்ளிக்கிழமைக்கு நேரம் கிடைத்தது.

நடுவில் இருந்த நாட்களில் அவர் மனசு கேட்கவில்லை. தீனி தூவும்போது தொட்டியிடம் குனிந்து பேச ஆரம்பித்தார். "தப்புதான். தெரியாமப் பண்ணிட்டேன். இனிமே உங்க பக்கமே குழாயைத் தொறக்க மாட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." வியாழக்கிழமை சோதனைக் குழாயில் பச்சை கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. பேசினால் கேட்கிறதுகள் என்று நோட்டில் எழுதி வைத்தார்.

வெள்ளிக்கிழமை கிளினிக். தொட்டி உள்ளே ஓர் இருட்டு மூலையில் இருந்தது. வாசல் பக்கம் அருமையாக வெயில் விழுகிற ஜன்னல் இருக்கும்போது இந்த இருட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே, படித்தவர்களுக்கும் விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டார். வரவேற்புப் பெண் எழுந்திருப்பாள் என்று காத்திருந்தார். அவள் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

"எந்தப் பல் சார்?"

அதை அவர் யோசித்து வரவில்லை. பின்னால் ஏதோ ஒன்றைக் காட்டினார்.

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். "இது கல்லு மாதிரி இருக்கு. ஆனா இதுக்குப் பக்கத்துல இருக்கறது மொத்தமாப் போயிடுச்சு. எப்படித்தான் வலியப் பொறுத்துக்கிட்டீங்களோ. எடுத்துடலாம்."

"இல்ல டாக்டர், இப்ப வலி..."

ஊசி ஏறிவிட்டது.

அரைமணி நேரம் கழித்து, கன்னம் மரத்து, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். நல்ல காலமாக அந்தப் பெண் மாத்திரை எடுக்க உள்ளே போயிருந்தாள். இவர் நாலு எட்டில் தொட்டியை அடைந்து, ஃபில்டர் மூடியைத் தூக்கினார். உள்ளே பஞ்சு இருந்தது. புத்தம்புதுசாக, பால் வெள்ளையாக.

"என்ன சார் தேடறீங்க?" என்று குரல் கேட்டது.

"பஞ்ஜூ" என்றார்.

"வாய்லயே இருக்கே சார்." பிறகு அவர் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். "ஓ, அந்தப் பஞ்சா? பழச செவ்வாய்க்கிழமையே டெய்லர் அக்கா கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்களே. உங்க வீட்டம்மாதானே சார்?"

அவருக்கு மரத்துப்போன கன்னத்தைத் தவிர உடம்பெல்லாம் எரிந்தது. துரோகம். பச்சைத் துரோகம். கணவன் ஜெயித்துவிடக் கூடாது என்று, கிளினிக்வரை வந்து பஞ்சை முந்திக்கொண்டு தூக்கிப் போயிருக்கிறாள். வீடுவரை வேகமாக நடந்தார்.

மனைவி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று கையை நீட்டினார். "பஞ்ஜூ எங்ஹே?"

"என்னங்க ஆச்சு? மூஞ்சி ஏன் ஒரு பக்கம் தொங்குது?"

"அத விழு. பஞ்ஜூ எங்ஹே? நீ எழுத்துட்டு வன்ஹ பஞ்ஜூ."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னாள், "உங்க ஃபில்டர்லதான் இருக்கு. செவ்வாய்க்கிழமைலேர்ந்து."

அவர் ஹாலுக்கு ஓடி மூடியைத் திறந்தார். அவருடைய வெள்ளைப் பஞ்சுக்குப் பின்னால், பழுப்பாய், வழவழப்பாய், அருமையான நாற்றத்தோடு இன்னொரு பஞ்சு இருந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அழுக்கைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தை ஒழுங்காக வந்தது.

"பாவமா இருந்துச்சுங்க. வயசான காலத்துல தண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு நிக்கறீங்க. என்னால பாக்க முடியல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றால் ஜன்னல் மூலை அவளுக்கு. ஜெயிக்க வைத்தால் டியூப்லைட். அப்படியிருந்தும் அவரை ஜெயிக்க வைத்திருக்கிறாள். தான் எவ்வளவு அற்பமாக நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார். சொல்லவும் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

"அது சரி, பல் ஒண்ணக் காணோமே" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிப் பார்த்து. அவர் ஃபில்டர் மூடியைப் பத்திரமாக மூடினார்.

முப்பத்தெட்டாம் நாள் அமோனியா சைபர், நைட்ரைட் சைபர். கடைக்காரர் சொன்னபடி பாதித் தண்ணீரை மாற்றினார். முப்பத்தொன்பதாம் நாள் ஆறு சின்னச் சிவப்பு மீன்கள் வந்து இறங்கின. நாற்பதாம் நாள் கண்டக்டரைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார். கண்டக்டர் ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணி, "ஆறு டிக்கெட், எல்லாம் உயிரோட. போலாம் ரைட்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் மனைவி. "மூலை உங்களுது. சொன்ன சொல் சொன்னதுதான், நான் வாயத் தொறக்க மாட்டேன்." ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து, தொட்டிக்கு மேல் கையை நீட்டி நூல் கோத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைப் பார்க்க இவருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மீன்களைப் பார்த்ததும் போய்விட்டது.

ஐந்து நாள் அவருக்கு சொர்க்கம். ஆறு மீன்களுக்கும் தனித்தனிக் குணம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்று அவர் ஆபீஸ் மேனேஜர் மாதிரி மூலையில் நின்றே பொழுதைப் போக்கியது. ஆறாம் நாள் கண்ணாடியில் லேசாகப் பச்சை படிந்தது. துடைத்தார். எட்டாம் நாள் தண்ணீரே இளம்பச்சை ஆனது. பாதியை மாற்றினார். பத்தாம் நாள் பெயிண்ட் டப்பா திறந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மீன் இருக்கிறதா, யார் எங்கே நிற்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. தீனி போட்டால் பச்சைக்குள்ளிருந்து ஒரு வாய் மட்டும் வந்து கவ்விக்கொண்டு போனது.

"என்ன சார், வண்டிக்கு ஸ்க்ரீன் போட்டுட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

மனைவி வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

கடைக்காரரிடம் ஓடினார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தொட்டி எங்க இருக்கு?"

"ஜன்னலோரம். காலைல நாலு மணி நேரம் நல்ல வெயில்."

"அன்னைக்கே கேக்க வந்தேன். நீங்க விடல." கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "வெயில் பட்டா பாசி பிடிக்காம என்ன பண்ணும்? மீன் கழிவும் சேர்ந்து இப்பத்தான் அதுக்கு உரம் கிடைச்சிருக்கு. எத்தன தண்ணி மாத்தினாலும் இதே கதைதான். வீட்லயே வெயில் எட்டிக்கூடப் பாக்காத எடம் எதுன்னு பாத்து, அங்க கொண்டு போய் வைங்க."

வழியிலேயே மனசுக்குள் வீட்டைச் சுற்றி வந்தார். சமையலறையில் இடமில்லை. ஹாலில் மற்ற சுவரெல்லாம் கதவும் அலமாரியும். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத இடம் வீட்டில் ஒன்றுதான் உண்டு. படுக்கையறைப் பின்சுவர். மிஷின் இருக்கிற இடம்.

ஆனால் அவர் லேசுப்பட்ட ஆளா? தோல்வியைத் தானமாக மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருந்தேன். பந்தயத்துல ஜெயிச்சது நான்தான். ஆனா நீ இருட்டுல ஊசி கோக்கறதப் பாக்க மனசு தாங்கல. அந்த ஜன்னல் மூலைய உனக்கே குடுத்துடறேன்."

"வேணாங்க" என்றாள் அவள், தலைநிமிராமல்.

"என்ன வேணாம்?"

"அது நீங்க ஜெயிச்ச எடம். பல்லு குடுத்து வாங்கின எடம். நான் எடுத்தா நல்லாருக்காது."

"பரவால்ல, எடுத்துக்கோ."

"எனக்கு இந்த எடம் பழகிடுச்சுங்க. டியூப்லைட்டும் கண்ணுக்கு எதமாத்தான் இருக்கு."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "மீனெல்லாம் பச்சைக்குள்ள மாட்டிக்கிட்டுத் தவிக்குதும்மா. ரெண்டு நாளா மேனேஜரக் கண்ணாலயே பாக்கல. இங்க மாத்தினாத்தான் உண்டு. கொஞ்சம் எடம் குடேன்."

"அப்படிக் கேளுங்க" என்றாள். "மிஷினை நீங்கதான் தூக்கி வைக்கணும். முதுகுல பிடிச்சுக்கிச்சுன்னா எங்கிட்டத் தைலம் கேக்கக் கூடாது."

"சரி."

"ஜன்னலுக்குப் பக்கத்துல நூல்கண்டு வைக்க ஒரு பலகை அடிச்சுக் குடுக்கணும்."

"சரி."

"நான் கழுவின தட்டை மறுபடி கழுவக் கூடாது."

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் தயங்கினார். ஹாலில் பச்சைத் தண்ணீரிலிருந்து ஒரு வாய் மேலே வந்து போவது தெரிந்தது. "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. மீன்களை வாளியில் விட்டார். பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு கொட்டினார். மிஷினைத் தூக்கி ஹாலுக்குக் கொண்டுபோனார். கண்டக்டர் ஒரு கை பிடிக்க, ஸ்டாண்டையும் தொட்டியையும் படுக்கையறைக்கு நகர்த்தினார். பஞ்சை மட்டும் அலசாமல், தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். சாயங்காலம் கடைசிக் குடத்தை ஊற்றி முடித்தபோது இடுப்பு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார். ஹால் ஜன்னலோரம் காலை வெயிலில் மிஷின் சந்தோஷமாக ஓடுகிற சத்தம் கேட்டது. கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, வெயில் பட்டாப் பச்சையாகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டாக்டர் கிளினிக்லயும் போன வருஷம் இதே கூத்துதாங்க. ஜன்னல்கிட்ட வச்சிருந்து, பச்சையாகி, அப்புறம்தான் இருட்டு மூலைக்கு மாத்தினாங்க. திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனப்ப அந்தப் பொண்ணு சொல்லிச்சு. பஞ்சு விஷயமும் அதுதான் சொல்லிச்சு."

அவர் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. "அப்புறம் எதுக்கு என்னை ஜெயிக்க வச்ச?"

"தோத்திருந்தா நீங்க ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருப்பீங்க. மிஷினையும் நானேதான் தூக்கியிருக்கணும். மீன் வந்துட்டா அதுக்காக நீங்களே எடத்த மாத்துவீங்கன்னு தெரியும்."

அவர் தலையைத் திருப்பித் தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. மேனேஜர் மூலையில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றை அப்போதுதான் கவனித்தார். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் தொட்டி அப்படியே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல்.

"என்ன பொருத்தமா இருக்கு பாத்தியா" என்றார், ஏதாவது ஒன்றாவது தன்னால் நடந்ததாக இருக்கட்டும் என்று. "அளவெடுத்த மாதிரி."

"அளவெடுத்ததுதாங்க. கொண்டு வந்த அன்னைக்கே டேப் வச்சுப் பாத்தேனே."

"அது உறை தைக்கறதுக்குன்னு சொன்னியே."

மிஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது கேட்டது.

"உறை எதுக்குங்க? அங்கதான் வெயிலே வராதே."